காருக்கும் சுருதி சேர்க்கக் கற்போம்

சென்ற பொங்கல் விழா முடிந்த இரவு நடந்தது இது. பந்தி முடிந்து, வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். நம் உறுப்பினர் ஒருவரின் பழைய மாருதி 800 மட்டும் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருகத் திருக என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. வண்டியைச் சுற்றி நின்றவர்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர். அவர்களில் மூவர் மோட்டார் தொழிற்சாலைகளில் பெரிய பதவியில் இருப்பவர்கள். ஒருவர் இயந்திரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, கிணற்றில் விழுந்த குடத்தைப் பார்ப்பதுபோல அத்தனை பேரும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சமையல் பாத்திரங்களை ஏற்ற வந்திருந்த டெம்போ ஓட்டுநர் கொஞ்ச நேரம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார். முப்பது வயதுகூட இராது. "காகா, ஆக்ஸிலேட்டர் பூர்ண தாபூன் டேவா, மக் ஸ்டார்ட்டர் மாரா" என்றார். மிதியைத் தரையோடு தரையாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டுமாம். அப்படியே செய்தோம். இரண்டு முறை இருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. சோக்கை இழுத்துவிட்டு ஆக்ஸிலேட்டரைப் பலமுறை மிதித்ததில் பெட்ரோல் அளவுக்கு மீறி இறங்கிப் பிளக்குகளை நனைத்திருக்கிறது. மிதியை முழுக்க அமுக்கினால் காற்று வழி முழுவதும் திறந்து, தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். இவ்வளவுதான் சங்கதி. எல்லோரும் கை தட்டினோம். எனக்குக் கை தட்டக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஏனென்றால் நாம் இருக்கும் ஊர் புனே. கட்கியில் கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் 1946-ல் தொடங்கியது. பிம்பிரியில் டெல்கோ 1966-ல் வந்தது. இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட இண்டிகா கார் 1998-ல் அங்கிருந்துதான் வெளிவந்தது. ஆகுர்டியில் பஜாஜும் டெம்போவும், அதற்குப் பிறகு சாகணில் வரிசையாக எத்தனையோ. கோத்ரூட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் காலை நடைக்கு ஏறும் வேதாள் குன்றை ஊர்க்காரர்கள் 'ஏ.ஆர்.ஏ.ஐ. டேக்டி' என்றே அழைக்கிறார்கள். 1966-ல் நிறுவப்பட்ட மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் அந்தக் குன்றில் இருப்பதால் வந்த பெயர். நாம் வேர்க்க விறுவிறுக்க நடந்துபோகும் பாதைக்குப் பக்கத்துச் சுவருக்குள் என்ஜின்களை டைனமோமீட்டரில் பூட்டிச் சோதிக்கிறார்கள். நம்மில் பாதிப் பேரை இந்த ஊருக்கு இழுத்து வந்தது என்ஜின்தான். ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும்.

என்ஜினை ட்யூன் செய்யக் கற்றுக்கொள்வது நம் குடும்பங்களுக்கு அவசியம் என்பது என் கருத்து. பணம் மிச்சம் பிடிப்பது இதில் இரண்டாம் பட்சம். இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். "மின்சாரக் கார் வந்துவிட்டது, இனிமேல் ட்யூனிங் எதற்கு?" என்பார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நம் ஊர்க்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கோவை ஜி.டி. நாயுடு (1893–1974) மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் செய்த முதல் காரியம் ஊர் சுற்றியது அல்ல. அதைக் கழற்றிப் போட்டு மீண்டும் பூட்டியது. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சி – பழனி தடத்தில் தொழில் தொடங்கினார். அதுவே யு.எம்.எஸ். ஆக வளர்ந்ததும், 1937-ல் மின்மோட்டார் செய்ததும் எல்லோரும் அறிந்த கதைதான். நாம் மேடையில் அவரை 'விஞ்ஞானி', 'மேதை' என்று புகழ்கிறோம். பையன் வீட்டு மிக்ஸியைக் கழற்றினால் மட்டும் முதுகில் இரண்டு வைக்கிறோம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1992-ல் செகண்ட் ஹாண்டாக ஒரு பிரீமியர் பத்மினி வாங்கினேன். 1089 சி.சி., நான்கு சிலிண்டர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். அந்த ஆண்டு கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினோம். சாதாரா போகும் வழியில் கம்பாட்கி காட் ஏறும்போது கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. குழந்தைகளை ஒரு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் நின்றோம். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்புதான் ஒரு பட்டறையில் 'ஃபுல் ட்யூனிங்' செய்து, நான்கு புது பிளக்குக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருந்தேன். ஊரிலிருந்து திரும்பியதும் கழற்றிப் பார்த்தால், பழைய பிளக்குகளையே மணல் தேய்ப்பில் பளபளப்பாக்கிப் போட்டிருந்தார்கள். டைமிங் வெகுவாக முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. வாசலில் ஓட்டிக் காட்டும்போது வண்டி சுறுசுறுப்பாகத் தெரியட்டும் என்று செய்த வேலை. ஏற்றத்தில் அதுவே என்ஜினை உலுக்கி எடுத்தது.

சண்டைக்குப் போகலாம் என்று முதலில் தோன்றியது. என்ன சொல்லிச் சண்டை போடுவது? எது சரி என்று தெரிந்தால்தானே எது தப்பு என்று சொல்ல முடியும்! நானாபேட்டையில் போய் ஒரு ஃபீலர் கேஜ், ஒரு பிளக் ஸ்பேனர், பன்னிரண்டு வோல்ட் பல்பு பொருத்திய சோதனை விளக்கு ஒன்று, இவற்றை வாங்கி வந்தேன். கட்கியில் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுக்கச் சம்மதித்தார். கட்கி, தேஹு ரோடு பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களில் இப்படிப்பட்ட கைகள் நிறைய இருந்தன. கோத்ரூட், ஔந்த் பக்கம் குடியேறிய பட்டதாரித் தமிழர்களான நாம் அவர்களைப் பெரும்பாலும் விழாவுக்கு நாற்காலி போடும்போதுதான் தேடினோம். இதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை எதையும் தொட விடவில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை டேப்பட் மூடிமேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கச் சொன்னார். "தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவன் முதலில் கேட்கத்தானே செய்கிறான்? நீங்களும் கேளுங்கள்" என்றார். ஒழுங்கான டிக் டிக் சத்தத்துக்கு நடுவில் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. அதற்கப்புறம் அவர் சொன்னது இன்றுவரை எனக்கு வியப்புத்தான். சத்தம் போடும் டேப்பட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதே, சத்தமே போடாத டேப்பட்டைக் கண்டு பயப்படு என்றார். இடைவெளி அதிகமானால் டிக் டிக் என்று கேட்கும், கொஞ்சம் சக்தி குறையும், அவ்வளவே. இடைவெளி இல்லாமலே போனால், சூடேறி விரியும்போது வால்வு முழுதாக மூடாது. எரியும் வாயு அந்த இடுக்கு வழியாகப் பாய்ந்து வால்வின் விளிம்பையே தின்றுவிடும். மொத்த இடைவெளியும் இரண்டு மூன்று தலைமுடி தடிமன்தான். அதை அளக்கத்தான் ஃபீலர் கேஜ்.

இரண்டு விதிகள் வைத்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றுவதற்கு முன் எப்படி இருந்தது என்று நோட்டில் எழுது. இந்த இரண்டையும் நான் மீறிய ஒவ்வொரு முறையும் பணம் செலவானது. நான்கு பிளக் ஒயர்களையும் ஒரே சமயத்தில் பிடுங்கிவிட்டு, எது எந்த இடத்துக்கு என்று தெரியாமல் மாற்றிச் சொருகினேன். பத்மினியின் எரிவரிசை 1-3-4-2. நான் போட்டது வேறேதோ வரிசை. வண்டி துப்பாக்கி போல ஒரு முறை வெடித்ததில் மாடி வீட்டு அம்மாள் பால்கனிக்கே ஓடி வந்துவிட்டார். இன்னொரு ஞாயிறு, பிளக் கழன்றுவிடக் கூடாதே என்று பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினேன். ஹெட் அலுமினியம்; பிளக்கின் மரை எஃகு. அலுமினிய மரை திரண்டு வந்துவிட்டது. அதைச் சரிசெய்யக் கொடுத்த தொகையில் பத்து தடவை ட்யூனிங் செய்திருக்கலாம். பிளக்கை முதலில் கையாலேயே கடைசிவரை திருக வேண்டும், ஸ்பேனர் கடைசி இறுக்கலுக்கு மட்டும். இதை இன்று யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் சொல்கிறேன்.

புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பெரிய தவறு, கார்புரேட்டரில் தொடங்குவது. திருகுவதற்கு வசதியாக ஸ்க்ரூ வெளியிலேயே இருக்கிறதல்லவா, கை தானாக அங்கே போகும். அதுதான் கடைசி வேலை. முதலில் ஏர் ஃபில்டர். பிறகு என்ஜின் ஆறியிருக்கும்போது டேப்பட். பிறகு பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் படிக்க வேண்டும். பிஸ்கட் பழுப்பாக இருந்தால் நலம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுவதும் நின்றபின் பிளக்கின் நிறம் முன்பைவிடச் சற்று வெளிறித்தான் தெரியும். பழைய புத்தகத்துப் படத்தை வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி. பாயிண்ட் முடிந்தபின்தான் டைமிங். இந்த வரிசையை மாற்றவே கூடாது, ஏனென்றால் பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் பொறி விழும் நேரமும் கூடவே மாறிவிடும். நான் டைமிங்கை அருமையாக வைத்துவிட்டு அப்புறம் பாயிண்டைத் தொட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தவன்.

டைமிங் என்றால் என்ன என்று கல்லூரியில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். சோதனை விளக்கைப் பாயிண்டோடு இணைத்து, என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றி, குறி நேராக வரும் அந்தக் கணத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தபோதுதான் புரிந்தது. பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விழுகிறது, ஏனென்றால் கலவை எரிந்து முடிய நேரம் பிடிக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். எரிவதற்கு வேண்டிய நேரம் அந்த அளவுக்குச் சுருங்காது. ஆகவே வேகம் கூடக் கூடப் பொறி இன்னும் முன்னதாக விழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சின்ன எடைகள் சுழற்சியில் விரிந்து இதைத் தாமாகவே செய்கின்றன. கணினி இல்லை, மின்னணு இல்லை; இரண்டு எடை, இரண்டு ஸ்பிரிங். இதைக் கண்ணால் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பிறகு இயற்பியல் பாடம் கசக்குமா?

கார்புரேட்டருக்கு வருவோம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று! உண்மையில் என்ஜின் காற்றைக் குடித்துத்தான் ஓடுகிறது, பெட்ரோல் தொட்டுக்கொள்ள. அதனால்தான் ஊருக்கு ஊர் வண்டியின் குணம் மாறுகிறது. புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம். இங்கே காற்று சென்னையைவிட ஏறக்குறைய ஐந்து சதவீதம் லேசானது. சென்னையில் ட்யூன் செய்து கொண்டு வந்த கார்புரேட்டர் வண்டிக்கு இங்கே கலவை சற்றுக் கொழுத்துவிடும். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, கலவை ஸ்க்ரூவைக் கால் திருகு, கால் திருகாக நகர்த்தி, எந்த இடத்தில் ஓட்டம் சீராகவும் வேகமாகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, பிறகு ஓய்வு வேகத்தைக் குறைக்க வேண்டும். காதுதான் கருவி. நம் வீட்டுப் பெண்களில் சங்கீதம் கற்றவர்களுக்கு இது எங்களைவிடச் சீக்கிரம் வரும் என்பது நான் பார்த்தது.

காது சொன்னது சரியா என்று பார்க்கப் பரீட்சை வேண்டுமல்லவா? பி.யு.சி. நிலையம் இருக்கிறது. பழைய பெட்ரோல் கார்களுக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் தடவை என் வண்டி தாண்டியது. மூன்றாம் ஞாயிற்றுக்குப் பிறகு 2-க்குக் கீழே வந்தது. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். சில இடங்களில் குழாயை வண்டிக்குள் விடாமலே சீட்டுக் கொடுப்பதுண்டு. அப்படிப்பட்ட சீட்டு உங்கள் குழந்தை சுவாசிக்கும் காற்றைச் சுத்தம் செய்யாது.

இப்போது புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் எரிய ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்றே போதும். ஆகவே பழைய ஜெட் அளவோடு ஓடும் கார்புரேட்டர் என்ஜினுக்கு இந்தப் பெட்ரோல் ஏழெட்டு சதவீதம் மெலிந்த கலவையாகவே போய்ச் சேரும். காலையில் கிளம்பத் தயங்கும், முடுக்கும்போது திக்கும், சூடு கூடும். போதாக்குறைக்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். பழைய கார் வைத்திருப்போர் வேறெதையும் செய்யாவிட்டாலும் பெட்ரோல் குழாய்களை உடனே மாற்றிவிடுங்கள். சூடான என்ஜின்மேல் சொட்டும் பெட்ரோல் வேடிக்கை இல்லை.

"எங்களிடம் பத்மினியும் இல்லை, பழைய மாருதியும் இல்லையே" என்பீர்கள். உண்மைதான். மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸிகூட 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. இன்றைய காரில் திருக ஸ்க்ரூ கிடையாது. கணினி தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் அது என்ன பார்த்துக்கொள்கிறது என்று நாம் பார்க்கலாம். 2013-க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் ஒன்று இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு கருவியை அதில் சொருகினால், கைபேசியிலேயே என்ஜினின் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம். அதில் 'ஃப்யூவல் ட்ரிம்' என்று ஓர் எண் வரும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. கூட்டல் பத்தைத் தாண்டினால், எங்கோ காற்று கசிகிறது, அல்லது பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை, கணினி ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கார்புரேட்டரைக் காதால் திருத்திப் பழகியவனுக்கு இந்த எண் உடனே பேசும். பழகாதவனுக்கு அது வெறும் எண்.

இங்கேதான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளிடம் 'ட்யூனிங்' என்றால் அவர்கள் நினைப்பது வேறு. 'ரீமேப்' என்கிறார்கள். அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டரை மாற்றிக் குதிரைசக்தியைக் கூட்டித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிகிறார்கள், சைலன்சரை உறும வைக்கிறார்கள். என் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. இரண்டு வாரம் வீட்டில் சுமுகம் இல்லை. "நீங்கள் செய்தால் ட்யூனிங், நான் செய்தால் தப்பா?" என்று மகன் கேட்டான். கேள்வி நியாயமானது. அந்தக் கடையில் என்ன மாற்றினார்கள் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. 1992-ல் நான் செய்ததும் அதுதானே! பணத்தைக் கொடுத்துவிட்டு, டைமிங்கை எவ்வளவு தள்ளினார்கள் என்று தெரியாமல் மலை ஏறியவன்தானே நான்! தயாரித்தவர்கள் குன்றின்மேலும் வெயிலிலும் மாதக்கணக்கில் சோதித்து, விட்டு வைத்திருக்கும் பாதுகாப்பு இடைவெளியைத்தான் அந்தக் கடைக்காரர் எடுத்து விற்கிறார். கியர்பாக்ஸும் பிரேக்கும் பழைய சக்திக்குச் செய்தவையாகவே இருக்கின்றன. சட்டமும் இடம் கொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியைத் தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இது ஒன்றே போதும்.

அந்த ஆசையையே அடக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு இடம் இருக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே இருக்கிறது. கோவையில் பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்துக் கட்டிய கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரால் செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் 'ஃபார்முலா பாரத்' என்னும் பொறியியல் மாணவர் போட்டி நடந்து வந்திருக்கிறது. மாணவர்களே காரைக் கட்டி, ட்யூன் செய்து ஓட்ட வேண்டும். புனேயிலிருந்தும் கல்லூரி அணிகள் போகின்றன. பல அணிகள் பூட்டும் கே.டி.எம். 390 என்ஜின் நம் சாகணில் பஜாஜ் தயாரிப்பது. போட்டி விதிப்படி என்ஜின் குடிக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகவே போக வேண்டும். சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிய துளை! அதை வைத்துக்கொண்டு கணினி வரைபடத்தை எண்ணுக்கு எண் மாற்றி, டைனமோமீட்டரில் ஏற்றி, சரிபார்த்து, எழுதி வைக்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் இந்த வேலையை இரண்டு ஆண்டு செய்தாள். அவள் அம்மா முதலில் என்னிடம் வந்து, "கையெல்லாம் கிரீஸ், நகமெல்லாம் கறுப்பு, வரன் பார்க்கிற நேரத்தில் இது தேவையா மாமா?" என்று குறைப்பட்டுக்கொண்டார். இப்போது அவர் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் போன் போவது அந்தப் பெண்ணுக்குத்தான்.

கை அழுக்கு என்றேன். நம்மிடம் உள்ள உண்மையான நோய் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஔந்தில் ஐ.டி.ஐ. இருக்கிறது, மோட்டார் மெக்கானிக் தொழிற்பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. நம் வீடுகளில் 'ஐ.டி.ஐ.' என்ற சொல்லை வேறு வழியில்லாதவன் போகும் இடம் என்ற தொனியில்தானே சொல்கிறோம்? நானும் சொல்லியிருக்கிறேன். நான்கு ஆண்டு பொறியியல் படித்து, கணினித் திரையில் பிஸ்டன் வரைந்து, ஒரு பிஸ்டனையும் கையில் எடுத்துப் பார்க்காமல் ஓய்வு பெறுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பட்டறைக்காரரை 'ஏய்' என்று கூப்பிட்டுவிட்டு, அவர் நம்மை ஏமாற்றுகிறார் என்று புலம்புவதில் என்ன நியாயம்? டேப்பட் வைக்கத் தெரிந்த பிறகுதான் ஒரு நல்ல மெக்கானிக் கேட்கும் கூலி எவ்வளவு குறைவு என்பது எனக்கு உறைத்தது.

மின்சாரக் கார் கேள்விக்கு வருகிறேன். ஆம், இன்னும் இருபது ஆண்டில் நான் மேலே எழுதியதில் பாதி அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். டாடாவின் நெக்ஸான் மின்சாரக் கார் 2020-லேயே வந்தாயிற்று, அதுவும் நம் பக்கத்து ராஞ்சண்காவிலிருந்து. அதற்கு டேப்பட் கிடையாது, பிளக் கிடையாது. அதிக மின்னழுத்தம் உள்ள அதன் பேட்டரியை வீட்டில் திறக்கவும் கூடாது. ஆகவே பிள்ளைகள் திறந்து பார்த்துக் கற்கக்கூடிய கடைசி இயந்திரங்கள் இந்தப் பழைய கார்கள்தாம். இவை பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் அவசரப்படுவது இதனால்தான்.

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு யோசனை வைக்கிறேன். திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியும் கோலப் போட்டியும் நடக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், திறந்த இடத்தில், ஒரு பழைய காரை நிறுத்தி இதையும் சொல்லித் தரலாம். திறந்த இடம் என்று அழுத்திச் சொல்கிறேன். மூடிய கராஜில் என்ஜினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். துப்பட்டா, வேஷ்டி, தொங்கும் சங்கிலி எதுவும் கூடாது. மின்விசிறி என்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடுகிறவர்களுக்கு அன்றோடு வகுப்பு முடிந்தது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது, வகுப்பு எடுப்பவர் உட்பட. பெற்றோரும் வர வேண்டும். பெண் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும். கட்கிப் பெரியவர்களை வகுப்பெடுக்க அழைத்து, மேடையில் மற்றவர்களுக்குப் போடும் அதே சால்வையை அவர்களுக்கும் போட வேண்டும்.

என் பத்மினி இப்போது இல்லை. எம்.ஹெச்.12 எண்ணோடு ஒரு பழைய மாருதி 800 நம் உறுப்பினரிடம் இருக்கிறது. பொங்கல் இரவு கிளம்ப மறுத்த அதே வண்டிதான். தருவதாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஃபீலர் கேஜ் இரண்டு, பிளக் ஸ்பேனர் ஒன்று, சோதனை விளக்கு ஒன்று இருக்கின்றன. வேண்டுவோர் இரவல் வாங்கிக்கொள்ளலாம். சென்ற ஆண்டு பத்தாம் நம்பர் ஸ்பேனரை வாங்கிச் சென்ற அன்பர் தயவுசெய்து அதைத் திருப்பிக் கொடுத்துவிடவும்.